கரையான் தின்ற அட்டவணை: பிபிசி ஃபோர் சேனலுக்கு என்ன ஆச்சு?

பெரியபட்டினத்தான் (கேள்வி)

லண்டனில் இருப்பவர்கள், டிவி விஷயம் தெரிந்தவர்கள் யாராவது பதில் சொல்லுங்கள். பிபிசி ஃபோரில் இப்போது புதிதாக எதுவும் வருவதே இல்லையா? சேனலை மூடப்போகிறார்களா, இல்லையா?

கேள்வி எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் நீளும். போன வாரம் எங்கள் வீட்டுப் பரணில் கரையான் ஏறிவிட்டது. பெட்டிகளை எல்லாம் இறக்கச் சொல்லி வீட்டில் உத்தரவு. லண்டனிலிருந்து கொண்டுவந்த நீலப் பெட்டியைத் திறந்தால், அடியில் 2012 கிறிஸ்துமஸுக்கு வந்த ரேடியோ டைம்ஸ் இதழ் கிடக்கிறது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1923இல் ஆரம்பித்த வாரப் பத்திரிகை அது. எந்தச் சேனலில் எத்தனை மணிக்கு என்ன வரும் என்று போடுவார்கள். கிறிஸ்துமஸுக்கு மட்டும் இரண்டு வாரத்துக்கும் சேர்த்து ஒரே தடித்த இதழ். அங்கே பல வீடுகளில் பேனாவும் கையுமாக உட்கார்ந்து பார்க்க வேண்டியதற்கெல்லாம் வட்டம் போட்டு வைப்பார்கள். நானும் போட்டிருந்தேன், சிவப்பு மையில். அத்தனை வட்டமும் பிபிசி ஃபோர் பத்தியில்தான்.

2004 முதல் 2019 வரை ஈஸ்ட் ஹாமில் ஒரு கடையில் எனக்குச் சமையல் வேலை. அடுப்படியைக் கழுவிவிட்டு அறைக்கு வர இரவு 12 மணி ஆகும். அறையில் மூன்று பேர். மற்ற இரண்டு பேரும் விடியக்காலை வேலைக்குப் போகிறவர்கள், அதற்குள் தூங்கியிருப்பார்கள். அதனால் டிவி சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, திரையின் அடியில் ஓடும் எழுத்தை வாசித்துத்தான் பார்ப்பேன். என் இங்கிலீஷ் அப்படி வந்ததுதான். காதால் வரவில்லை, கண்ணால் வந்தது. இன்றைக்கும் சில வார்த்தைகளை எழுத்துப் பிழையில்லாமல் எழுதுவேன், வாயால் சொன்னால் ஒருத்தருக்கும் விளங்காது.

பிபிசி ஃபோர் சாயங்காலம் 7 மணிக்குத் தொடங்கி விடியற்காலை 4 மணி வாக்கில் முடியும். 9 மணிக்குப் போட்டதை நடுச்சாமம் 1 மணி, 2 மணிக்குத் திரும்பப் போடுவார்கள். ஊருக்கெல்லாம் மறு ஒளிபரப்பு, எனக்கு அதுதான் முதல் காட்சி.

என்னவெல்லாம் பார்த்தேன்! சனிக்கிழமை 9 மணி என்றால் டென்மார்க், சுவீடன் துப்பறியும் தொடர்கள், ஒரே மூச்சில் இரண்டு பகுதிகள். பாஷையும் தெரியாது, ஊரும் தெரியாது, கொலைகாரன் யார் என்று மட்டும் தெரிந்தாக வேண்டும். அப்புறம் வானத்தைப் பற்றிய 'தி ஸ்கை அட் நைட்'. பேட்ரிக் மூர் என்கிற பெரியவர் 1957 ஏப்ரலில் ஆரம்பித்து 2012 டிசம்பரில் மவுத்தாகும் வரை நடத்தினார். ஐம்பத்தைந்து வருஷத்தில் ஒரே ஒரு மாதம்தான் அவரால் வர முடியவில்லை. 2004 ஜூலையில், கூஸ் என்கிற பெரிய வாத்தின் முட்டையைச் சாப்பிட்டு வயிறு கெட்டுப்போனதாம். சமையல்காரன் என்பதால் இது மட்டும் எனக்கு மறக்கவே இல்லை. எங்கள் வாப்பா சங்கு குளித்தவர். விடிவெள்ளியும் ஆறாமீனும் அவருக்குக் கடிகாரம். மூர் பேசும்போது வாப்பா கோட்டு போட்டுக்கொண்டு பேசுவது மாதிரி இருக்கும்.

2015 மே மாதம் ஒரு ராத்திரி, கென்னட் அண்டு ஏவான் கால்வாயில் ஒரு படகு இரண்டு மணி நேரம் போனது. அவ்வளவுதான் நிகழ்ச்சி. பேச்சு கிடையாது, இசை கிடையாது. தண்ணீர், கரையோரச் செடி, எதிரே ஒரு வாத்து. நடுவில் கண்விழித்த அறைத்தோழர், திருச்சிக்காரர், "கடலையே விட்டுவிட்டு வந்தவன் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இப்போது விஷயம். லாத்தா (அக்கா) மகள் லண்டனில்தான் இருக்கிறாள். "இந்தக் காலத்தில் யார் மாமு அட்டவணை பார்க்கிறார்கள்" என்று சிரித்தாலும், இந்த வாரத்துப் பட்டியலைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினாள். அதையும் 2012 பக்கத்தையும் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புதியதில் முக்கால்வாசி பழசு. நான் பார்த்து முடித்தவையே சில மறுபடி வருகின்றன. நான் விட்டுவிட்டு வந்த சட்டையை யாரோ போட்டுக்கொண்டு ஈஸ்ட் ஹாமில் திரிகிற மாதிரி இருக்கிறது. ஏன் இப்படி ஆனது?

தம்பி_ராமேஸ்வரம்

அண்ணே, தப்பாக நினைக்காதீர்கள். யூடியூப்பில் கால்வாய் என்று தட்டினால் பத்து மணி நேர வீடியோவே வரும். அட்டவணை என்பதே முடிந்துபோன கதை. ரயிலுக்குத்தான் இப்போது நேரம் பார்க்கிறேன், டிவிக்கு இல்லை.

கோபுரத்தடி (மண்டபம்)

நான் ராமேஸ்வரம் டிவி கோபுரத்தில், அந்த 323 மீட்டர் கம்பத்துக்கு அடியில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிபிசி ஏன் 7 மணிக்குத் திறக்கிறது என்பதற்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியும்.

வீட்டுக் கூரை ஆன்டெனாவுக்கு வரும் டிஜிட்டல் அலையில் இடம் அளவானது. ஒரு சேனல் 24 மணி நேரமும் ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டால் இன்னொன்றுக்கு இடமில்லை. அதனால் ஒரே இடத்தை நேரம் பிரித்துக் கொடுத்தார்கள். சின்னக் குழந்தைகளுக்கான சிபீபீஸ் 2002 பிப்ரவரியில் வந்தது. காலை 6 மணி முதல் சாயங்காலம் 7 வரை அது. குழந்தைகள் படுத்த பிறகு அதே இடத்தில் பிபிசி ஃபோர். இது 2002 மார்ச் 2ஆம் தேதி தொடங்கியது. நம் பாக் நீரிணையில் விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி என்றும் மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு என்றும் முறை வைத்திருக்கிறோமே, அதே ஏற்பாடு. கடல் ஒன்று, வலை வேறு.

பெரிய பிள்ளைகளுக்கான சிபிபிசிக்கும் பிபிசி த்ரீக்கும் இன்னொரு ஜோடி. 2016 பிப்ரவரியில் பிபிசி த்ரீயை அலையிலிருந்து எடுத்து இணையத்துக்கு மட்டும் அனுப்பினார்கள். காலி இடம் கிடைத்ததும் சிபிபிசி 9 மணி வரை நீண்டது. 2022 பிப்ரவரி 1ஆம் தேதி பிபிசி த்ரீ திரும்பி வந்தது. சிபிபிசி மறுபடி 7 மணிக்கே படுக்கப் போய்விட்டது. ஆக, ஒரு சேனலின் அட்டவணை மாறினால் அது ரசனை மாற்றம் என்று நினைக்க வேண்டாம். பல சமயம் பக்கத்து வீட்டுக்காரர் காலி செய்ததாலோ, திரும்பி வந்ததாலோ நடப்பதுதான்.

சும்மா ஒரு நினைவு: 1982இல் ரூபவாஹினி வந்த புதிதில் நம் கரையில் மூங்கிலில் ஆன்டெனா கட்டித் தென்கிழக்கே திருப்பியவர்கள் எத்தனை பேர். காற்று மாறினால் படம் போகும். கச்சான் அடிக்கும் மாதத்தில் மாடியில் ஒரு பையனை நிறுத்தி "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கத்தித்தான் படம் பார்த்தோம்.

பெரியபட்டினத்தான்

அந்த மாடிப் பையன்களில் ஒருவன் நான்தான், அய்யா. கீழே எல்லாரும் படம் பார்ப்பார்கள், நான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சத்தம் மட்டும் கேட்பேன். லண்டனில் படம் மட்டும் பார்த்துச் சத்தம் இல்லாமல் உட்கார்ந்தபோது, கணக்கு நேராகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

விசைப்படகு, நாட்டுப்படகு உதாரணத்தில் பதினைந்து வருஷச் சந்தேகம் தீர்ந்தது. 7 மணிக்கு முன்னால் பார்த்தால் பொம்மைப் படமாக வரும், ரிமோட் கெட்டுவிட்டதோ என்று அடித்துப் பார்ப்பேன்.

தம்பிக்கு ஒரு பதில். கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பாய். இரண்டு பக்கமும் ஆள் நின்று இழுத்து மடி கரைக்கு வந்ததும் சாளை கிடக்கும், காரல் கிடக்கும், நாலு நண்டு, அப்புறம் பேர் தெரியாத ஏதோ ஒன்று. வாப்பா முதலில் கையில் எடுப்பது அந்தப் பேர் தெரியாததைத்தான். யூடியூப் என்பது மீன் கடையில் நின்று "அரைக் கிலோ சீலா கொடு" என்று கேட்பது. கேட்டது கிடைக்கும், சந்தோஷம்தான். ஆனால் கால்வாய்ப் படகைப் பார்க்க வேண்டும் என்று என் ஆயுளில் நானாகத் தேடியிருப்பேனா? யாரோ ஒருவர் செவ்வாய்க்கிழமை ராத்திரிக்கு இது இருக்கட்டும் என்று எடுத்து வைத்தார், நான் வந்து மாட்டிக்கொண்டேன். இப்போது நீ கால்வாய் என்று தட்டச் சொல்கிறாய். அந்த வார்த்தையை உனக்குக் கொடுத்ததே அந்த அட்டவணைதானே தம்பி.

ஈஸ்ட்ஹாம் நர்ஸம்மா

அண்ணே, உங்கள் மருமகள் சொன்னது சரி. இங்கே பெரும்பாலும் பிபிசியின் இணையச் சேவையான ஐபிளேயரில்தான் பார்க்கிறோம். அது 2007 கிறிஸ்துமஸ் அன்று வந்தது. நீங்கள் இங்கே இருந்த காலத்திலேயே இருந்ததே, கவனிக்கவில்லையா?

நீங்கள் பார்த்த மாற்றம் கற்பனை இல்லை. 2021 மார்ச்சில் பிபிசி தன் ஆண்டுத் திட்டத்திலேயே சொல்லிவிட்டது, பிபிசி ஃபோர் இனிமேல் முக்கியமாகப் பழைய பெட்டகத்திலிருந்து எடுத்துப் போடும் சேனல் என்று. புதுத் தயாரிப்புக்கான பணம் பிபிசி த்ரீ மாதிரி இளவட்டங்கள் பக்கம் போனது. அடுத்த வருஷம் 2022 மே 26ஆம் தேதி, அப்போதைய தலைமை இயக்குநர் டிம் டேவி இன்னொரு குண்டைப் போட்டார். அடுத்த சில வருஷங்களில் சிபிபிசி, பிபிசி ஃபோர், ரேடியோ ஃபோர் எக்ஸ்ட்ரா மூன்றையும் அலைவரிசைச் சேனலாக நிறுத்திவிட்டு இணையத்துக்குக் கொண்டுபோவோம் என்றார். அதனால்தான் ஊரெல்லாம் "மூடுகிறார்கள்" என்ற பேச்சு. ஆனால் சேனல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, உங்கள் கையில் இருக்கும் போட்டோவே சாட்சி.

பணம்தான் காரணம் என்பது என் எண்ணம். டிவி வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டாரும் பிபிசிக்காகச் செலுத்தும் லைசென்ஸ் தொகையை 2022இல் 159 பவுண்டிலேயே இரண்டு வருஷம் நிறுத்தி வைத்தது அரசாங்கம். விலைவாசி நிற்கவில்லை. 2024 ஏப்ரலில் 169.50, 2025 ஏப்ரலில் 174.50 என்று ஏற்றினார்கள். நைட் டியூட்டி முடித்துவிட்டு வந்து அந்த பில்லைப் பார்க்கும்போது எனக்கும் எரியத்தான் செய்யும். ஆனால் கோடையில் ஆல்பர்ட் ஹாலிலிருந்து ப்ராம்ஸ் என்கிற இசை விழாக் கச்சேரி பிபிசி ஃபோரில் வரும்போது கேட்டுவிட்டு, சரி போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பாட்டும் இருக்கிறது. 'டாப் ஆஃப் த பாப்ஸ்' பழைய வாரங்கள் போடுவார்களே.

பெரியபட்டினத்தான்

ஐபிளேயர் தெரியும் தங்கச்சி. அறையில் வைஃபை வீட்டுக்காரருடையது, மாதத்தில் பாதி நாள் கடவுச்சொல்லை மாற்றிவிடுவார். டிவி மட்டும்தான் யாரையும் கேட்காமல் வந்தது.

டாப் ஆஃப் த பாப்ஸ் விஷயத்தை நினைவுபடுத்தியதற்கு நன்றி. எனக்குப் பிடித்த மறு ஒளிபரப்பு அது ஒன்றுதான். 2011 ஏப்ரலில் தொடங்கினார்கள், 1976 ஏப்ரல் நிகழ்ச்சியிலிருந்து. முப்பத்தைந்து வருஷம் பின்னால் இன்னொரு நாட்காட்டி ஓடுவது போல் வாரா வாரம். நான் வேலைக்குச் சேர்ந்த கடையின் முதலாளி 1976இல்தான் அந்த நாட்டுக்கு வந்தாராம். "இந்தப் பாட்டு ஓடும்போது எனக்கு முதல் குளிர்காலம்" என்பார். நான் கிளம்பும்போது நிகழ்ச்சி எண்பதுகளின் பிற்பகுதிக்கு வந்திருந்தது. அது இப்போது எந்த வருஷத்தில் நிற்கிறது?

வெம்ப்ளி_வடமராட்சி

வணக்கம் அண்ணை. தலைப்பைப் பார்த்து சேனல் ஃபோர் பற்றி எழுதியிருக்கிறீர்கள் எண்டு உள்ளே வந்தனான். எங்கட ஆக்கள் பலர் இரண்டையும் குழப்புகிறவை. சேனல் ஃபோர் 1982 நவம்பர் 2ஆம் தேதி தொடங்கியது. அரசுக்குச் சொந்தம், ஆனால் லைசென்ஸ் காசு இல்லை, விளம்பரத்தில் ஓடுகிறது. 2022இல் விற்கப் பார்த்தார்கள், 2023 சனவரியில் கைவிட்டார்கள்.

அட்டவணை எண்டதும் எனக்கு ஒரு நேரம்தான் நினைவு. 2011 ஜூன் 14, இரவு 11.05. இலங்கையின் இறுதிப் போர் பற்றிய ஆவணப்படத்தை அண்டைக்குத்தான் சேனல் ஃபோர் போட்டது. இங்கே இரவு 9 மணிக்கு முதல் பிள்ளைகள் பார்க்கக் கூடாததைப் போட ஏலாது. அந்தப் படத்துக்கு அதையும் தாண்டி இன்னும் இரண்டு மணித்தியாலம் தள்ளி நேரம் குடுத்தவை. எங்கட வீட்டில் பிள்ளைகளை நேரத்துக்குப் படுக்க வைத்துவிட்டு, பெரியாக்கள் ஒன்பது பேர் இருந்து பார்த்தம். முடிந்த பிறகு ஒருத்தரும் கதைக்கவில்லை. தேத்தண்ணி போட எழும்பினவ கேத்திலோடயே நிண்டா.

பெரியபட்டினத்தான்

தம்பி, அந்த ராத்திரி எனக்கும் நினைவிருக்கிறது. அன்று கடையை ஒன்பதரைக்கே சாத்தினோம். அதற்கு மேல் இங்கே எழுத வரவில்லை.

பேச்சு பிபிசியின் நேரத்தைப் பற்றி என்பதால் வேறொன்று சொல்கிறேன். பெரியபட்டினத்தில் எங்கள் வீட்டில் ராத்திரி 9.15 என்றால் தமிழோசை. சிற்றலை ரேடியோவை வாப்பா ஜன்னலோரமாகச் சாய்த்து வைப்பார், அந்தச் சாய்வு அவருக்கு மட்டும்தான் தெரியும். 1941இல் ஆரம்பித்த ஒலிபரப்பு. 2017 ஏப்ரல் 30 அன்று வானொலியில் கடைசி நாள். நான் அது கிளம்பும் ஊரில்தான் இருக்கிறேன், ஆனால் அதைக் கேட்க என்னிடம் ரேடியோ இல்லை. ஞாயிற்றுக்கிழமை, லண்டனில் 4.45 மணி. கடை வாசலில் வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து ஊருக்குப் போன் போட்டு, போனை ரேடியோ பக்கத்தில் வைக்கச் சொன்னேன். லண்டனிலிருந்து பெரியபட்டினம் போய்த் திரும்ப லண்டனுக்கு வந்தது குரல். இரைச்சலில் பாதி விளங்கவில்லை. முடிந்ததும் வாப்பா கேட்டது, "நாளைக்கு இந்த நேரத்துக்கு என்ன வைப்பார்கள்?"

எனக்கும் பிபிசி ஃபோர் விஷயத்தில் அதே கேள்விதான் என்று நினைக்கிறேன். மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே இழுப்பார்கள். அவர்களின் 7 மணி, கோடையில் நமக்கு இரவு 11.30. குளிர்காலத்தில் 12.30. இங்கே வந்து இத்தனை வருஷம் ஆகியும் அந்த நேரத்துக்கு முழிப்பு வருகிறது. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு, இப்போது சிபீபீஸ் முடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு படுப்பேன். என் வீட்டுக்காரிக்கு இதைச் சொன்னதில்லை.

கோபுரத்தடி (மண்டபம்)

அந்த 2012 பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போடுங்களேன். பார்க்க ஆசையாக இருக்கிறது.

பெரியபட்டினத்தான்

போட்டுவிட்டேன் அய்யா. மன்னிக்கவும், ஒரு செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் கீழ் மூலையைக் கரையான் தின்றுவிட்டது. 10 மணிக்கு மேல் என்ன வந்தது என்று தெரியவில்லை. அந்த இடத்தில்தான் சிவப்பு வட்டத்தின் பாதி தெரிகிறது. எதற்கு வட்டம் போட்டேன் என்று இரண்டு நாளாக மண்டை குடைகிறது.

தம்பி_ராமேஸ்வரம்

அண்ணே, நான்தான் மறுபடி. ரேடியோ டைம்ஸின் 1923 முதல் 2009 வரையிலான பட்டியலை ஸ்கேன் பண்ணி பிபிசி ஜீனோம் என்று ஒரு தளத்தில் போட்டிருக்கிறார்கள். உங்கள் இதழ் 2012, அதில் வராது. ஆனால் பிபிசியின் சொந்தத் தளத்தில் சேனலையும் தேதியையும் கொடுத்தால் பழைய அட்டவணை வருகிறது. நிகழ்ச்சியைப் பார்க்கத்தான் முடியாது, ஐபிளேயர் அந்த நாட்டுக்குள் மட்டும்தான். பெயரும் நேரமும் நம் ஊரிலேயே தெரிகிறது. உங்கள் செவ்வாய்க்கிழமையைத் தட்டி, இணைப்பைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். அட்டவணை முடிந்த கதை என்று சொன்னவன் நான்தான், ராத்திரி 2 மணி வரை 2012ஐப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரைவலை விஷயம் கொஞ்சம் விளங்கியது.

பெரியபட்டினத்தான்

தம்பி, நல்லா இருப்பா. பார்த்துவிட்டேன். கரையான் தின்ற இடத்தில் இருந்ததும் மறு ஒளிபரப்புதான்.